படித்த இறையியல் வீணாகாமல் இருக்க: கிரெடிட் மாற்றுவோருக்குப் பயனுள்ள குறிப்புகள்

மதுரை அரசரடியிலோ சென்னை குருகுல் கல்லூரியிலோ பி.டி. முடித்து, சில ஆண்டுகள் சபையில் ஊழியம் செய்துவிட்டு, மேற்படிப்புக்காக அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகிறவர்கள் நம்மிடையே எப்போதும் உண்டு. டொராண்டோவிலும் நியூ ஜெர்சியிலும் குடியேறி, வேலைக்குப் போய்க்கொண்டே மாலை வகுப்பில் இரண்டு மூன்று இறையியல் பாடங்களை முடித்து வைத்திருப்பவர்களும் உண்டு. இருவருக்கும் ஒரே கேள்விதான்: இதுவரை படித்ததைப் புதிய பள்ளி கணக்கில் எடுத்துக்கொள்ளுமா? எடுத்துக்கொள்ளும், ஆனால் தானாக எடுத்துக்கொள்ளாது. கேட்க வேண்டும், தாள்களைக் காட்ட வேண்டும், காலத்தோடு காட்ட வேண்டும். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றைத் திரும்பப் படித்தால் கட்டணம் போகும். சில சமயம் ஒரு பருவமே போகும். குடும்பத்தோடு போனவருக்கு அந்தப் பருவத்து வீட்டு வாடகையும் சேர்ந்து போகும். படிப்பவருக்கும், அவருக்காக ஊரில் கல்லூரி அலுவலகத்துக்கு நடக்கும் வீட்டாருக்கும் இந்தக் குறிப்புகள்.

1. கிரெடிட்டை ஏற்பதா வேண்டாமா என்பது சேரப்போகும் பள்ளியின் முடிவு. படித்த கல்லூரி எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் அது பரிந்துரைக்கத்தான் முடியும். ஒரே மதிப்பெண் பட்டியலுக்கு ஒரு பள்ளி 30 கிரெடிட் தரும், இன்னொரு பள்ளி 9 தரும். ஆகவே ஒரே பள்ளியைக் கேட்டுவிட்டு மனம் தளர வேண்டாம். மூன்று நான்கு பள்ளிகளிடம் கேட்டு, பதில்களை அருகருகே வைத்துப் பாருங்கள்.

2. அங்கீகாரத்தை முதலில் பாருங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பட்டமேற்படிப்பு இறையியல் பள்ளிகளுக்குப் பொதுவான அங்கீகார அமைப்பு ஏ.டி.எஸ். எனப்படும் இறையியல் பள்ளிகள் சங்கம். அதன் அலுவலகம் பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரில் இருக்கிறது. கத்தோலிக்கர், லுத்தரன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே என்று பல சபைப் பிரிவுகளின் பள்ளிகளும் அதில் உண்டு. ஒரு ஏ.டி.எஸ். பள்ளியில் படித்ததை இன்னொரு ஏ.டி.எஸ். பள்ளிக்குக் கொண்டுபோவது மற்ற எல்லா வழிகளையும்விட எளிது. அமெரிக்காவில் பைபிள் கல்லூரிகளுக்கு ஏ.பி.எச்.இ. போன்ற வேறு அங்கீகார அமைப்புகளும் உண்டு. அவற்றின் கீழ் படித்ததை ஏற்பார்களா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

3. அமெரிக்காவின் சில மாநிலங்களில், சமயப் பட்டம் மட்டும் வழங்கும் நிறுவனம் அரசு உரிமம் இல்லாமலே நடக்கலாம். அப்படி நடப்பது சட்டத்துக்கு விரோதம் அல்ல; அங்கே உண்மையாகவே வேதத்தைக் கற்பிப்பவர்களும் இருக்கலாம். ஆனால் அங்கீகாரம் இல்லாத இடத்தில் பெற்ற கிரெடிட் பெரும்பாலும் வெளியே எங்கும் செல்லாது. நம் ஊரில் ஓட்டல் மண்டபத்தில் அங்கியும் தொப்பியும் போட்டு ஒரே நாளில் ‘டாக்டர்’ பட்டம் கொடுக்கிறவர்கள் இதே ஓட்டையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஊழியக்காரர்கள் சேமித்த பணம் அதில் கரைவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. பணம் கட்டும் முன் அங்கீகார அமைப்பின் உறுப்பினர் பட்டியலில் அந்தப் பள்ளியின் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். பள்ளி அச்சடித்த விளம்பரத் தாளில் இருப்பது போதாது.

4. எத்தனை கிரெடிட்டுக்குள் கணக்கு நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏ.டி.எஸ். விதிப்படி போதகர்களுக்கான எம்.டிவ். பட்டத்துக்குக் குறைந்தது 72 செமஸ்டர் கிரெடிட் வேண்டும், எம்.ஏ.வுக்குக் குறைந்தது 36, டி.மின்.னுக்கு 30. இது கீழ்வரம்பு மட்டுமே. டல்லஸ் இறையியல் செமினரியின் தி.எம். 120 கிரெடிட் கொண்டது. பட்டம் பெரிதாக இருந்தால் பழைய பாடங்களுக்கு அதில் இடம் கிடைக்கும். தி.எம். பெரும்பாலான பள்ளிகளில் ஓராண்டுப் பட்டம். அப்படிப்பட்ட சிறிய பட்டத்தில் இடமே இருக்காது. டி.மின்.னில் ஒன்றிரண்டு பாடம் ஏற்கப்பட்டாலே நல்லது.

5. இனி நம்மவர்கள் அதிகம் கேட்கும் பி.டி. கேள்வி. செராம்பூர் கல்லூரி 1818-இல் தொடங்கியது. 1827-இல் டென்மார்க் அரசரின் சாசனத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரி, குருகுல், பெங்களூரு யு.டி.சி. ஆகியவற்றில் படிப்பவர்களுக்கும் பி.டி. பட்டம் வழங்குவது செராம்பூர் கல்லூரியின் செனட்தான். பெயரில் இளநிலை என்று இருப்பதால் அதை அமெரிக்காவில் இளநிலைப் படிப்பாகத்தான் பார்ப்பார்கள் என்று பலர் முன்கூட்டியே தோற்றுப்போகிறார்கள். அது சரியல்ல. அமெரிக்காவிலேயே போதகர்களுக்கான பட்டத்தின் பெயர் நெடுங்காலம் பி.டி. என்றுதான் இருந்தது. மார்ட்டின் லூதர் கிங் 1951-இல் குரோசர் இறையியல் செமினரியில் வாங்கியதும் பி.டி. பட்டமே, அதைக் கொண்டுதான் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் படிப்புக்குப் போனார். 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும்தான் அங்குள்ள பள்ளிகள் அதை எம்.டிவ். என்று மாற்றின.

எனவே பள்ளி உண்மையில் பார்ப்பது, நீங்கள் எந்தத் தகுதியோடு பி.டி.யில் சேர்ந்தீர்கள் என்பதைத்தான். பி.ஏ. அல்லது பி.எஸ்சி. முடித்துவிட்டுப் பி.டி. படித்தவருக்கு அதை எம்.டிவ்.வுக்கு இணையாகக் கொண்டு நேரடியாகத் தி.எம்.மில் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகள் உண்டு. பிளஸ் டூ முடித்து நேராகப் பி.டி.யில் சேர்ந்தவரின் படிப்பை முதல் பட்டமாகக் கொள்ளும் வாய்ப்பு அதிகம். ஆகவே விண்ணப்பத்தோடு பி.ஏ., பி.எஸ்சி. சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் சேர்த்தே அனுப்புங்கள். இறையியல் பள்ளிக்குப் பொருளாதாரப் பட்டம் எதற்கு என்று அதை வீட்டு அலமாரியில் விட்டுவிட்டுப் போனால், பி.டி.யைப் பட்டமேற்படிப்பாகக் காட்டும் முதன்மையான சான்றை விட்டுவிட்டுப் போனதாக ஆகும்.

6. மேலே சொன்னதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. பி.டி.யை எம்.டிவ்.வுக்கு இணையாக ஒரு பள்ளி ஏற்றுக்கொண்டால், திரும்பவும் எம்.டிவ். படிக்கத் தேவையே இல்லாமல் போகலாம். கிரெடிட் மாற்றக் கேட்கும் முன், இந்தப் பட்டம் எனக்கு வேண்டுமா, அடுத்ததற்கே போகலாமா என்று கேளுங்கள்.

7. சிலபஸைப் பாதுகாத்து வையுங்கள். இந்தப் பட்டியலில் ஒரே ஒரு குறிப்பைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். மதிப்பெண் பட்டியலில் ‘பழைய ஏற்பாடு 2’ என்று இருந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. அது தீர்க்கதரிசன நூல்களா, ஞான இலக்கியமா, எத்தனை மணி நேர வகுப்பு, என்னென்ன நூல்கள் படிக்க வேண்டும், எத்தனை கட்டுரை எழுத வேண்டும், யார் கற்பித்தார், அவர் என்ன படித்தவர் என்பதெல்லாம் சிலபஸில்தான் இருக்கும். அதைப் பார்த்துத்தான் அங்குள்ள பழைய ஏற்பாட்டுப் பேராசிரியர், இது நம் பாடத்துக்கு ஈடு என்று கையெழுத்துப் போடுவார்.

இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் ஒவ்வொரு பருவமும் முடியும்போது எல்லாப் பாடங்களின் சிலபஸையும், பேராசிரியர் கொடுத்த நூற்பட்டியலையும், மதிப்பீடு செய்து திரும்பி வந்த கட்டுரை ஒன்றிரண்டையும் ஸ்கேன் செய்து, ஆண்டு, பருவம், பாடத்தின் பெயர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் மட்டும் வைக்காமல் மின்னஞ்சலிலும் ஒரு படி அனுப்பி வையுங்கள். படித்து முடித்துப் பல ஆண்டு ஆனவர்கள் கல்லூரி நூலகத்திலும் துறைத்தலைவரிடமும் கேளுங்கள். பாடத்திட்டம் மாறியிருக்கும், நீங்கள் படித்த ஆண்டின் திட்டம்தான் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இன்றைய சிலபஸை அனுப்பினால் அது உங்கள் மதிப்பெண் பட்டியலோடு பொருந்தாமல் சந்தேகத்தைக் கிளப்பும்.

8. தமிழ்வழியில் படித்தவர்கள் அதற்காகத் தயங்க வேண்டாம். அரசரடியில் தமிழில் இறையியல் கற்பிக்கப்படுகிறது. இலங்கையில் பிலிமத்தலாவையில் 1963 முதல் இயங்கும் இலங்கை இறையியல் கல்லூரியில் சிங்களத்திலும் தமிழிலும் வகுப்பு நடக்கிறது. தாய்மொழியில் இறையியலைச் சிந்தித்தவர் கையில் இருப்பது குறைபாடு அல்ல, பெரிய செல்வம். ஆனால் சிலபஸை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, கல்லூரி முதல்வரிடமோ பதிவாளரிடமோ முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். டோஃபெல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வும் எழுத வேண்டியிருக்கும். மொழிபெயர்ப்பை அவசரத்தில் செய்யாதீர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் அங்கே வழங்கும் பெயர் என்ன என்று சேரப்போகும் பள்ளியின் கையேட்டைப் பார்த்து, உண்மைக்குப் பழுது வராமல் அதற்கு நெருக்கமான பெயரை எழுதுங்கள்.

9. டிரான்ஸ்கிரிப்ட் என்பது உங்கள் கையிலுள்ள மதிப்பெண் பட்டியலின் நகல் அல்ல. நிறுவனம் நேரடியாகப் பள்ளிக்கு அனுப்பும் தாள் அது. அல்லது முத்திரையிட்டு ஒட்டிய உறைக்குள் வரும் தாள். பட்டம் செனட் வழங்கியது என்றால் கல்லூரியோடு நின்றுவிடாமல் செனட் அலுவலகத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகலாம். உறை கைக்கு வந்தால் யாரும் பிரிக்கக் கூடாது. ஆவலில் பிரித்துப் பார்த்துவிட்டால் அந்த உறை அதோடு செல்லாததாகிவிடும். வீட்டில் எல்லோரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். எத்தனை பள்ளிக்கு விண்ணப்பிக்கிறீர்களோ அதைவிட இரண்டு உறை கூடுதலாக வாங்கிக்கொள்வது நல்லது.

10. பெயரும் இனிஷியலும். பள்ளிச் சான்றிதழில் ஒரு இனிஷியல், பி.டி. பட்டத்தில் ஊர்ப் பெயரும் அப்பா பெயருமாக இரண்டு இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயர், ஞானஸ்நானச் சான்றில் இன்னொரு பெயர் என்று நம்மில் பலருக்கு இருக்கும். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்களுக்கு இது இன்னும் ஒரு படி கூடும். இவையெல்லாம் ஒரே ஆளுடையவை என்று நோட்டரி முன்பு ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, தாள்களோடு சேர்த்து வையுங்கள். விண்ணப்பம் முழுவதிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள்.

11. வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிட்டுத் தரும் நிறுவனங்கள் அமெரிக்காவில் உண்டு. டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. ஆகியவை பரவலாகத் தெரிந்தவை. பட்டம் எதற்கு ஈடு என்று மட்டும் சொல்லும் அறிக்கை ஒரு வகை. பாடம் பாடமாகப் பிரித்து கிரெடிட்டும் தரமும் காட்டும் அறிக்கை இன்னொரு வகை. கிரெடிட் மாற்றத்துக்கு இரண்டாவதுதான் பயன்படும். விலை குறைவு என்று முதல் வகையை வாங்கிவிட்டுப் பிறகு மறுபடி பணம் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பீர்கள் என்று பள்ளியைக் கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். இப்படிப்பட்ட அறிக்கை வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும் பள்ளிகளும் இருக்கின்றன.

12. தேர்ச்சி பெற்றால் மட்டும் போதாது. பல பள்ளிகள் ‘பி’ தரத்துக்குக் குறைந்த பாடத்தை ஏற்பதில்லை. சில ‘சி’ வரை இறங்கும். நம் ஊர் மதிப்பெண் முறையில் 60 சதவீதமே முதல் வகுப்பு என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்காது. மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் உள்ள வகுப்பு விளக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் பதிவான பாடங்களுக்குப் பேராசிரியரிடம் ஒரு கடிதம் வாங்குவது உதவும்.

13. மாறுவது கிரெடிட் மட்டும். பழைய மதிப்பெண் சராசரி புதிய பள்ளியின் சராசரியில் சேராது. அங்கே முதல் பருவத்திலிருந்து புதிதாகத்தான் கணக்கு.

14. கிரெடிட்டுக்கு வயது உண்டு. ஏழு ஆண்டு, பத்து ஆண்டு என்று பள்ளிக்குப் பள்ளி எல்லை வைத்திருக்கிறார்கள். எல்லை தாண்டியிருந்தால், இடைப்பட்ட காலத்தில் அந்தத் துறையில் நீங்கள் கற்பித்தது, எழுதியது, பயிற்சி நடத்தியது எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, விலக்கு கேட்டுப் பாருங்கள்.

15. செமஸ்டர் கணக்கும் காலாண்டுக் கணக்கும் வேறு. கலிபோர்னியாவின் ஃபுல்லர் செமினரி காலாண்டு முறையில் இயங்குகிறது. ஒரு காலாண்டுக் கிரெடிட், செமஸ்டர் கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. அதாவது நான்கு கிரெடிட் காலாண்டுப் பாடம் செமஸ்டர் பள்ளிக்கு வரும்போது 2.67 ஆகும். அங்கே அந்தப் பாடம் மூன்று கிரெடிட் என்றால் 0.33 குறையும். ஆறு பாடம் மாற்றினால் இரண்டு கிரெடிட் துண்டு விழும். அதை ஒரு விருப்பப் பாடத்தால் நிரப்ப வேண்டும். ஐரோப்பாவில் படித்தவர்களுக்கு இரண்டு இ.சி.டி.எஸ். கிட்டத்தட்ட ஓர் அமெரிக்கக் கிரெடிட். பிரிட்டனின் கணக்கில் நான்குக்கு ஒன்று. 180 கிரெடிட் எம்.ஏ. ஏறத்தாழ 45 ஆகும். இந்தக் கணக்கை நீங்களே போட்டு வைத்துக்கொண்டு பள்ளியின் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

16. முடித்த பட்டமும் முடிக்காத பட்டமும் ஒன்றல்ல. பட்டம் வாங்காமல் பாதியில் நிற்கும் படிப்பிலிருந்து அதிகக் கிரெடிட்டை மாற்றலாம். பட்டம் வாங்கிவிட்டால், அதன் கிரெடிட்டில் பாதியை மட்டுமே அடுத்த பட்டத்தில் சேர்க்கலாம் என்பது இறையியல் பள்ளிகளில் பரவலாக உள்ள விதி. ஒரே படிப்புக்கு இரண்டு பட்டம் கொடுத்ததாகிவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். நியாயமான விதிதான். ஆனால் தெரியாமல் இருந்தால் நட்டம் பெரிது.

ஒருவர் 48 கிரெடிட் எம்.ஏ. படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைசிப் பருவத்தில் குருத்துவப் பணிக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்படுகிறது. 72 கிரெடிட் எம்.டிவ். வேண்டும். எம்.ஏ.வை முடித்துப் பட்டம் வாங்கிவிட்டு எம்.டிவ்.வில் சேர்ந்தால் 24 கிரெடிட் கழியும். இன்னும் 48 படிக்க வேண்டும். அதே பள்ளியில் பட்டம் வாங்கும் முன்பே படிப்பை எம்.டிவ்.வுக்கு மாற்றிக்கொண்டால், பாடங்கள் பொருந்தும் அளவுக்கு எல்லாக் கிரெடிட்டும் சேரும். மீதி ஏறக்குறைய 24தான். ஓராண்டு வித்தியாசம்! எனவே பட்டமளிப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் ஆலோசகரோடு ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு பட்டமும் வேண்டும் என்பவர்களுக்கு இரட்டைப் பட்டத் திட்டம் வைத்திருக்கும் பள்ளிகளும் உண்டு, அதையும் கேளுங்கள்.

17. இளநிலைப் பட்டத்தில் படித்த வேதபாடத்தைப் பட்டமேற்படிப்புக் கிரெடிட்டாக மாற்ற முடியாது. அதற்குப் பதிலாக முன்தகுதி என்று ஒரு வழி இருக்கிறது. தேர்வோ நேர்முகமோ வைத்து, பாடம் உங்களுக்குத் தெரியும் என்று உறுதிசெய்த பின் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். கிரெடிட்டையே குறைப்பது ஒன்று. அறிமுகப் பாடத்தை விட்டுவிட்டு அதே துறையில் மேல்நிலைப் பாடம் எடுக்கச் சொல்வது மற்றொன்று. இதில் மொத்தக் கிரெடிட் குறையாது. இரண்டாவதை ஏமாற்றமாக நினைக்காதீர்கள். ஏற்கெனவே தெரிந்த புதிய ஏற்பாட்டு அறிமுகத்தில் உட்கார்வதற்குப் பதில் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் ஒரு பருவம் மூழ்கியிருக்கலாம் அல்லவா!

18. எபிரேயமும் கிரேக்கமும் மாற்றுவதற்கு ஏற்ற பாடங்கள். இலக்கணம் எங்கே படித்தாலும் ஒன்றுதான். ஆனால் பல பள்ளிகள் நிலையறி தேர்வு வைக்கும். தேர்வுக்கு முன் இரண்டு மாதம் தினம் காலையில் அரை மணி நேரம் வினைச்சொற்களைத் திருப்பிப் படித்தால் இரண்டு பருவ வகுப்பு மிச்சமாகும். மொழி மறந்துபோயிருந்தால் மட்டும் கிரெடிட்டை மாற்ற அவசரப்படாதீர்கள். அறிமுகத்தைத் தாண்டிவிட்டு மூல மொழி விளக்க வகுப்பில் விழித்துக்கொண்டு உட்கார்வது பெரிய துன்பம்.

19. பெரும்பாலும் மாறாதவை: ஆய்வேடு, பட்டத்தின் இறுதித் திட்டம், சபைக் களப்பணி, முதல் ஆண்டு ஆவிக்குரிய உருவாக்க வகுப்பு, அந்தப் பள்ளியின் சபைப் பிரிவுக்கே உரிய கோட்பாட்டுப் பாடம். இவற்றுக்காக வாதாடி நேரத்தைச் செலவிடாதீர்கள்.

20. மருத்துவமனைப் பயிற்சி செய்தவர்கள் கவனிக்கவும். சி.பி.இ. எனப்படும் மருத்துவமனை அருட்பணிப் பயிற்சியின் ஓர் அலகு 400 மணி நேரம். ஏ.சி.பி.இ. அமைப்பின் அங்கீகாரம் பெற்ற இடத்தில் முடித்திருந்தால், பல பள்ளிகள் அதற்குக் கிரெடிட் தருகின்றன. மேற்பார்வையாளர் எழுதிய இறுதி மதிப்பீட்டைப் பத்திரமாக வையுங்கள். பணி நேரச் சான்றிதழ் மட்டும் இருந்தால் போதாது.

21. பள்ளி ஏற்றாலும் சபை ஏற்க வேண்டும். ஐக்கிய மெதடிஸ்ட் சபை தன் பல்கலைக்கழக செனட் ஒப்புக்கொண்ட பள்ளிகளில் படித்ததைத்தான் அருட்பொழிவுக்கு ஏற்கிறது. மெதடிஸ்ட் வரலாறு, கோட்பாடு, நிர்வாகம் ஆகிய பாடங்களையும் கேட்கிறது. அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபைக்குத் தனி அருட்பொழிவுத் தேர்வுகள் உண்டு. கத்தோலிக்கக் குருமாணவருக்கு மெய்யியல் பாடங்கள் இல்லாமல் நடக்காது. திரும்பி வந்து சி.எஸ்.ஐ. திருமண்டலத்திலோ லுத்தரன் சபையிலோ பணியாற்ற நினைப்பவர்கள், போகும் முன்பே பேராயர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இணையவழியில் படித்த பட்டம் என்றால் கட்டாயம் கேளுங்கள்.

22. விசா கணக்கு வேறு. எஃப்-1 மாணவர் ஒரு பள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது செவிஸ் பதிவை மாற்றுவார்கள். அது குடியேற்றத் துறைக்கான பதிவு. கிரெடிட் மாற்றத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒன்று முடிந்ததால் மற்றதும் முடிந்ததாக நினைத்துவிட வேண்டாம். கிரெடிட் ஏற்கப்பட்டுப் படிப்பு குறுகினால் ஐ-20 தாளில் உள்ள முடிவுத் தேதியும் முன்னால் வரும். மனைவி மக்களின் எஃப்-2 நிலையும் அதோடு கட்டுண்டது. முழுநேர மாணவர் என்ற நிலை போகாமல் ஒவ்வொரு பருவமும் போதுமான பாடம் மீதி இருக்கிறதா என்று பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். எஃப்-1 மாணவருக்கு முழுநேரக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரே ஓர் இணையவழிப் பாடம்தான் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

23. கூடப் போகும் மனைவிக்கோ கணவருக்கோ: எஃப்-2 விசாவில் வேலைக்குப் போக முடியாது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் பகுதிநேரமாகப் பாடம் படிக்கலாம். பல செமினரிகள் மாணவரின் துணைவருக்குக் கட்டணச் சலுகை தருகின்றன. வகுப்பில் அமர்ந்து கேட்பதற்கு மட்டும் பதிவு செய்தால் கிரெடிட் கிடையாது. பிறகு எங்கும் மாற்ற முடியாது. கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் கிரெடிட்டோடு பதிவு செய்யுங்கள். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு இரவில் எழுதிய கட்டுரைகள் நாளை உங்கள் பட்டத்தின் பாதியாக நிற்கும். சபையில் ஆயரம்மா என்று எல்லோருக்கும் உழைக்கும் பெண்களுக்கு அவர்கள் பெயரிலேயே ஒரு பட்டம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

24. உதவித்தொகையைப் பார்த்துவிட்டு எத்தனை கிரெடிட் மாற்றுவது என்று முடிவு செய்யுங்கள். சில பள்ளிகள் முழுக் கட்டணத்தையும் ஏற்கின்றன. சில, மூன்று ஆண்டுக்கு ஆண்டுதோறும் இவ்வளவு என்று தருகின்றன. அப்படி இருக்கும்போது படிப்பைச் சுருக்கிக்கொண்டால் பணம் மிச்சமாகாது. நல்ல ஆசிரியர்களோடு இருக்கும் ஒரு வருடம்தான் குறையும். சொந்தப் பணத்தில் கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று கட்டுகிறவர் முடிந்த அளவு மாற்றட்டும்.

25. மாற்றாமலே வேறு பள்ளியில் படிக்க ஒரு வழி உண்டு. பாஸ்டன், பெர்க்லி, டொராண்டோ நகரங்களில் இறையியல் பள்ளிகள் கூட்டாக இயங்குகின்றன. பெர்க்லியின் கூட்டமைப்பு 1962-இல் தொடங்கியது. டொராண்டோ கூட்டமைப்பில் ஒரு கல்லூரியில் சேர்ந்தவர் மற்றக் கல்லூரிகளின் வகுப்புகளிலும் பதிவு செய்யலாம். பட்டமும் டொராண்டோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வருகிறது. ஆங்கிலிக்கன் கல்லூரியில் இருந்துகொண்டு சேசு சபையாரிடம் ஒரு பாடம் கேட்கலாம். அங்குள்ள நம் மக்கள் இதை இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும்.

26. கேட்பது பதிவாளரிடம், எழுத்தில். சேர்க்கை ஆலோசகர் தொலைபேசியில் அன்போடு சொல்வது முடிவு அல்ல. மின்னஞ்சலில் நான்கு செய்திகளைக் கேளுங்கள்: எந்தெந்தப் பாடம் ஏற்கப்படுகிறது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிரெடிட், அது கட்டாயப் பாடத்துக்கு ஈடாகிறதா விருப்பப் பாடமாகவா, நான் இங்கேயே படிக்க வேண்டிய குறைந்த அளவு என்ன. மூன்றாவது கேள்வி முக்கியம். 24 கிரெடிட் ஏற்றும் எல்லாம் விருப்பப் பாடக் கணக்கில் போய்விட்டால், கட்டாயப் பாடங்கள் அப்படியே மீதி நிற்கும். பட்டத்துக்கு ஆகும் காலம் குறையாது. முழு மதிப்பீடு சேர்க்கைக்குப் பிறகுதான் நடக்கும் என்று சொல்வார்கள். முன்பணம் கட்டும் முன் ஓர் உத்தேச மதிப்பீடாவது கேட்டு வாங்குங்கள்.

27. மறுத்தால் மறுபரிசீலனை கேட்கலாம். அது மரியாதைக் குறைவு அல்ல. மறுக்கப்பட்ட பாடத்தின் சிலபஸையும் அவர்கள் பாடத்தின் சிலபஸையும் இரண்டு பத்தியில் அருகருகே எழுதி, பொருந்தும் இடங்களைக் காட்டுங்கள். வாரம் எத்தனை மணி நேர வகுப்பு நடந்தது என்பதையும் சேருங்கள். அமெரிக்கப் பள்ளிகளில் இப்படிக் கேட்பது வழக்கம்தான். பேராசிரியர்களை எதிர்த்துப் பேசிவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

28. பள்ளியே மூடினால்? இறையியல் பள்ளிகள் இணைவதும் இடம் மாறுவதும் இப்போது அடிக்கடி நடக்கிறது. 1807-இல் தொடங்கிய மரபைச் சேர்ந்த ஆண்டோவர் நியூட்டன் தன் வளாகத்தை விட்டு 2017-இல் யேல் டிவினிட்டி பள்ளியோடு இணைந்தது. அதே ஆண்டில் கெட்டிஸ்பர்க், ஃபிலடெல்ஃபியா லுத்தரன் செமினரிகள் ஒன்றாயின. இப்படி அறிவிப்பு வந்தால், சேர்ந்திருக்கும் மாணவர்கள் படிப்பை முடிக்க வேறு பள்ளியோடு பள்ளி செய்துகொள்ளும் ஒப்பந்தத் திட்டம் ஒன்று இருக்கும். அந்தத் திட்டத்தில் வழக்கமான உச்சவரம்பைத் தாண்டியும் கிரெடிட்டை ஏற்பது உண்டு. பதறிப்போய்த் தானாக விலகிவிட்டால் அந்தச் சலுகை கைவிட்டுப் போகக்கூடும். திட்டம் வெளிவரும் வரை பதிவில் நீடியுங்கள். அறிவிப்பு வந்த அன்றே டிரான்ஸ்கிரிப்ட் இரண்டு படிக்கு விண்ணப்பித்து, நிலுவைக் கட்டணம் ஏதும் இருந்தால் கட்டி, ரசீதை சிலபஸ் கோப்பிலேயே போட்டு வையுங்கள்.